விமான முன்கண்ணாடியில் பறவை மோதல் சோதனை செய்வது எப்படி?

போக்குவரத்து விமானங்களுக்கான அமெரிக்க விதி எஃப்ஏஆர் 25.775 கேட்பது இதைத்தான்: கடல்மட்டத்தில், வடிவமைப்புப் பயண வேகத்தில், 4 பவுண்டு (1.81 கிலோ) பறவை மோதினாலும் அது விமானிக்கு எதிரே உள்ள கண்ணாடியைத் துளைத்து உள்ளே வரக்கூடாது. வேகம் 350 நாட், அதாவது நொடிக்கு 180 மீட்டர் என்றால் மோதும் ஆற்றல் ஏறக்குறைய 29 கிலோஜூல்.

சோதனையில் பறவை ஒன்றைக் காற்றழுத்தத் துப்பாக்கியால் கண்ணாடியின்மேல் சுடுவார்கள். முதலில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் சட்டத்திலிருந்து (ஃபிரேம்) தொடங்குங்கள். கனத்த இரும்புச் சட்டத்தில் கண்ணாடியை இறுக்கிச் சுட்டால் கிடைக்கும் முடிவை நம்ப முடியாது. உண்மையான காக்பிட் (விமானி அறை) சட்டம் மோதலின்போது கொஞ்சம் வளைந்து கொடுக்கும், இரும்பு கொடுக்காது. அதனால் காக்பிட்டின் முன்பகுதியையே கொண்டுவந்து பொருத்துவது நல்லது. போல்ட், கேஸ்கெட் (விளிம்பு ரப்பர்ப் பட்டை), போல்ட்டை முறுக்கும் அளவு எல்லாம் விமானத்தில் உள்ளபடியே இருக்கட்டும். பறப்புத் திசைக்குக் கண்ணாடி சாய்ந்திருக்கும் கோணத்தையும் மாற்றாதீர்கள்.

நடுவில் மட்டும் சுட்டுவிட்டு நிறுத்தக்கூடாது. நடுப்பகுதி குழிந்து ஆற்றலை வாங்கிக்கொள்ளும். மூலைக்கு அந்த வசதி இல்லை, பல நேரம் அங்கேதான் பிய்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் புதுக் கண்ணாடி வேண்டும்.

அடுத்தது வெப்பநிலை. அடுக்குக் கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள பிவிபி என்னும் பிளாஸ்டிக் படலம் குளிரில் விறைத்து நொறுங்கும், சூட்டில் தளர்ந்து வலுவிழக்கும். எனவே குளிர்நிலை, சூடுநிலை இரண்டிலும் சுடுங்கள். உள்முகத்திலும் வெளிமுகத்திலும் வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பிகளை ஒட்டுங்கள். ஹை ஸ்பீடு கேமராவுக்கான விளக்குகளைக் கடைசி நொடிகளில்தான் போட வேண்டும். முன்னதாகவே எரியவிட்டால் குளிரவைத்த கண்ணாடி சூடேறிவிடும்.

பறவைக்குப் பெரும்பாலும் கோழிதான். உறைந்த கோழி என்றால் உள்ளே வரை முழுக்க இளக வேண்டும். நெஞ்சுச் சதையின் ஆழத்தில் தெர்மாமீட்டர் குத்திப் பாருங்கள், வெளித்தோலைத் தொட்டு முடிவு செய்யாதீர்கள். இந்த வேகத்தில் சதை நீர்போல் பரவி விசையைப் பகிர்ந்துவிடும். நடுவில் பனிக்கட்டி இருந்தால் அதுவே கல்லாகிக் கண்ணாடியை வெட்டும். எடை சரிசெய்த கோழியை மெல்லிய நைலான் பையில் இறுக்கிக் கட்டி, நுரைப்பொருளில் செய்த சபோ என்னும் உறைக்குள் வையுங்கள்.

துப்பாக்கி என்பது அழுத்தக் காற்றுத் தொட்டி, வேகமாகத் திறக்கும் வால்வு, நீண்ட குழல், குழல்வாயில் சபோவைப் பிடித்து நிறுத்தும் தடுப்பு. கோழி மட்டுமே வெளியே வர வேண்டும். சபோவின் துண்டு ஒன்று கண்ணாடியில் பட்டாலும் அந்தச் சுடுதலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எந்த அழுத்தத்துக்கு எந்த வேகம் என்பதை அதே எடையுள்ள ஜெலட்டின் உருளைகளைச் சுட்டு முதலில் வரைந்துகொள்ளுங்கள். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், வேகம் 3% கூடினாலே ஆற்றல் 6% கூடும். குறைந்த வேகத்தில் தாங்கியது தேர்ச்சி ஆகாது. கூடுதல் வேகத்தில் உடைந்தால், சரியான வேகத்தில் தாங்கியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. வேகத்தைக் குழல்வாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவே இரண்டு லேசர் கதிர்களால் அளந்து, கேமராப் படத்தோடு ஒப்பிடுங்கள். நொடிக்கு 10,000 படம் எடுத்தாலும் அடுத்தடுத்த படங்களுக்கிடையே கோழி 18 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். மோதல் முழுவதும் ஒன்றிரண்டு மில்லிநொடியில் முடிந்துவிடும்.

கண்ணாடிக்குப் பின்னால், விமானியின் முகம் இருக்கும் இடத்தில், மெல்லிய அலுமினியத் தாள் ஒன்றை விரித்து நிறுத்துங்கள். பறவை உள்ளே வராமலேயே உள்முகத்திலிருந்து கண்ணாடிச் சில்லுகள் தெறித்து விமானியின் கண்ணைக் குருடாக்கக்கூடும். வெளி அடுக்கு நொறுங்கினாலும் தவறில்லை. தாளில் விழும் ஒவ்வொரு ஓட்டையையும் எண்ணி, அளந்து, படமெடுத்துப் பதியுங்கள். விளிம்பில் போல்ட் ஓட்டைகள் நீண்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

சுட்டு முடிந்ததும் தொட்டியின் அழுத்தம் பூஜ்யம் என்று உறுதியான பிறகே உள்ளே ஆள் போகலாம். கையுறை, முகக்கவசம் அவசியம். ஆதாரங்களைப் படமெடுத்து முடிக்கும்வரை கழுவ வேண்டாம். பிறகு கிருமிநாசினி போட்டு அன்றைக்கே கழுவிவிடுங்கள்.