ஒரு கேபிள், இரண்டு கேமரா: வீவக வீட்டுக்கான செய்முறை

கண்காணிப்புக் கேமரா வாங்குவது எளிது; அதற்கு மின்சாரம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் வாசற்கதவை ஒட்டி பிளக் இருப்பது அபூர்வம். எங்கள் வீட்டில் வாசலுக்கு ஒன்று, அம்மா பகலெல்லாம் உட்கார்ந்திருக்கும் வரவேற்பறைக்கு ஒன்று என இரண்டு கேமராக்கள். ரவுட்டரோ மறுகோடி அறையில். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கேபிள்தான் வீட்டைக் கடக்கிறது.

வைஃபை கேமரா போதாதா என்று கேட்பீர்கள். பெரும்பாலானவற்றுக்கு அப்போதும் பிளக் வேண்டும். தவிர, பாம் ஷெல்டரின், அதாவது வீட்டுக்குள்ளேயே கட்டியிருக்கும் பாதுகாப்பு அறையின், கான்கிரீட் சுவர் நடுவில் நின்றால் சிக்னல் தடுமாறும்.

முதலில், வாங்க வேண்டியவை

இணையக் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் முறைக்குப் பவர் ஓவர் ஈதர்நெட், சுருக்கமாக பிஓஇ, என்று பெயர். ஒரு பிஓஇ சுவிட்ச் (ரவுட்டரோடு இணைத்து, கருவிகளுக்கு இணையத்தையும் மின்சாரத்தையும் பிரித்துத் தரும் பெட்டி), ஒரு கேட் 6 வகை இணையக் கேபிள், பிஓஇ கேமராக்கள் இரண்டு, காட்சிகளை வட்டில் பதிவு செய்ய என்விஆர் என்ற பெட்டி ஒன்று. இவற்றோடு பிஓஇ எக்ஸ்டெண்டர் ஒன்று. கைக்குள் அடங்கும் பெட்டி அது. ஒரு கேபிள் உள்ளே வரும், இரண்டு வெளியே போகும். அதற்குத் தனியாகப் பிளக் தேவையில்லை, வருகிற கேபிளிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும்.

பிஓஇ போர்ட்டுகளைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் என்விஆர் எனக்குப் பிடிக்காது. ஒன்று கெட்டால் எல்லாம் போய்விடும். சுவிட்ச் தனி, என்விஆர் தனி என்று வையுங்கள். கேமரா எந்த பிராண்டாக இருந்தாலும் வெவ்வேறு பிராண்டுகள் ஒன்றோடொன்று பேச உதவும் ஆன்விஃப் தரத்தை ஏற்பதாக இருக்கட்டும். நாளைக்கு என்விஆரை மாற்றினாலும் அது உதவும்.

கேபிளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சிம் லிம் சதுக்கத்தில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் முழுச் செம்புக் கம்பியா என்று கேளுங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி மலிவாகக் கிடைக்கும். மின்தடை அதிகம், வழியிலேயே மின்சாரத்தை வெப்பமாக்கி வீணடிக்கும். அந்த அலுமினியக் கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

கேபிள் போகும் வழி

பாம் ஷெல்டர் சுவரைத் துளைத்துக் கேபிளைக் கொண்டுபோகக் கூடாது. சுற்றித்தான் போக வேண்டும். தரையோரம் கேபிளை மூடும் பிளாஸ்டிக் டிரங்கிங் ஒட்டினால் கண்ணை உறுத்தாது. வீவக புதிதாகக் கட்டித் தரும் பிடிஓ வீடுகளில் அறைதோறும் டேட்டா பாயிண்ட், அதாவது சுவரில் இணையக் கேபிள் செருகும் இடம், இருக்கிறது. அப்படியானால் இந்த வேலை பாதி முடிந்தது. இணையக் கேபிளின் நீளத்துக்கான 100 மீட்டர் வரம்பு அடுக்குமாடி வீட்டுக்குள் ஒரு பொருட்டே இல்லை.

எத்தனை வாட்?

இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். எங்கள் வீட்டில் பகலெல்லாம் படம் தெளிவாக வந்தது. மாலை ஏழேகால் ஆனதும் இரண்டு கேமராக்களும் அணைந்து, தானே எழுந்து, மறுபடி அணைந்தன. மறுநாளும் அதே நேரம்.

இருட்டியதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. பகலில் 3, 4 வாட் போதும் என்றிருந்த கேமரா இரவில் 6 வாட்டுக்கு மேல் கேட்கிறது. பிஓஇயின் அடிப்படைத் தரமான 802.3ஏஎஃப் வகைப் போர்ட் தருவது 15.4 வாட்; கேபிள் தின்றது போக மறுமுனையில் உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட்தான். இரண்டு கேமராவுக்கு 12, எக்ஸ்டெண்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் என்று கூட்டிப் பாருங்கள். சுவிட்ச் மின்சாரத்தை நிறுத்திவிடும்.

தீர்வு, அதற்கு அடுத்த தரமான 802.3ஏடி. அந்தப் போர்ட் 30 வாட் தரும், மறுமுனைக்கு 25.5 வாட் வந்து சேரும். சுவிட்ச், எக்ஸ்டெண்டர் இரண்டுமே அந்த வகையாக இருக்க வேண்டும். சுவிட்சின் மொத்த வரம்பையும் பாருங்கள். எட்டுப் போர்ட், மொத்தம் 60 வாட் என்று எழுதியிருந்தால் எட்டிலும் 30 கிடைக்காது.

இணைத்த பிறகு

கடவுச்சொல்லை மாற்றுங்கள், மென்பொருளைப் புதுப்பியுங்கள், ரவுட்டரில் யுபிஎன்பி வசதியை (கருவிகள் கேட்காமலே வெளி இணையத்துக்கு வழி திறந்துவிடுவது) அணைத்துவிடுங்கள். சிங்கப்பூர் வீடுகளில் பதிவான கேமராக் காட்சிகள் ஆபாசத் தளங்களில் பரவியது 2020 அக்டோபரில் செய்தியானது. அதே மாதம் தொடங்கியதுதான் சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு கருவிகளின் பாதுகாப்பைத் தரம்பிரிக்கும் முத்திரைத் திட்டம். நான்கு நிலைகள் கொண்ட அந்த முத்திரை கேமராப் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். படுக்கையறையில் கேமராவே வேண்டாம் என்பது என் கட்சி.

தாழ்வாரத்தைப் பார்த்துக் கேமரா பொருத்த 2023 மே முதல் வீவக வீட்டாருக்கு முன் அனுமதி தேவையில்லை. ஆனால் அது அண்டைவீட்டாரின் கதவையோ சன்னலையோ நோக்கி இருக்கக் கூடாது. பொருத்துமுன் எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் கைப்பேசியில் படத்தைக் காட்டிவிடுவது இன்னும் நல்லது.

என்விஆர் வட்டின் அளவு: நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் நாள் முழுதும் பதிவானால் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 43 ஜிபி. இரண்டுக்கும் 2 டிபி வட்டு மூன்று வாரம் தாங்கும்.

பின்சேர்க்கை

வாசகர் ஒருவர் மலிவான 'பாசிவ்' பிஓஇ சுவிட்ச் வாங்கிவிட்டு, பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தார். தரமான சுவிட்ச், எதிரே இருக்கும் கருவி பிஓஇ வகைதானா என்று விசாரித்த பிறகே மின்சாரம் விடும். பாசிவ் வகை கேட்காமலே விட்டுவிடும். அதில் தவறிப்போய் மடிக்கணினியைச் செருகினால் கருகக்கூடும். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தரைவீட்டில் இருக்கும் இன்னொருவருக்கு: கேபிள் திறந்தவெளியில் போகிறதென்றால் வெளிப்புறப் பயன்பாட்டுக்கான உறை கொண்டதாக வாங்குங்கள். இங்கே அடிக்கிற இடிமின்னலுக்கு, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மின்னெழுச்சித் தடுப்பான் (சர்ஜ் புரொடெக்டர்) ஒன்றும் வேண்டும். அதற்கு நிலத்தொடர்பு கொடுக்க உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.