விசித்திரமான பொருளாதார எண்களைப் பிரித்துப் படிப்பது எப்படி?

2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெய் விலை ஒரு பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அதாவது விற்பவர் எண்ணெயையும் கொடுத்து, மேற்கொண்டு பணமும் கொடுத்து அனுப்ப வேண்டிய நிலை. அதற்கு முன் ஒருநாளும் அப்படி நடந்ததில்லை. செய்தியைப் பார்த்ததும் எல்லோர் வாயிலும் வந்த கேள்வி, "இனி என்ன ஆகும்?" என்பதுதான்.

அந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, "இந்த எண் எப்படிப் பிறந்தது?" என்று முதலில் கேட்கப் பழக வேண்டும். புதிரில் பெரும்பகுதி அங்கேயே அவிழ்ந்துவிடும். பொருளாதாரப் பட்டம் எதுவும் வேண்டாம். ஒரு நோட்டும் கால்குலேட்டரும் இருந்தால் போதும்.

படி 1: எண்ணை அதன் முழுப் பெயரோடு எழுதுங்கள்

எது, எங்கே, எந்தத் தேதிக்கு, எந்த அலகில், எதோடு ஒப்பிட்டு? இந்த ஐந்துக்கும் நோட்டில் விடை எழுதுங்கள். "எண்ணெய் விலை பூஜ்ஜியத்துக்குக் கீழே" என்பது தலைப்பு. அதன் முழுப் பெயர் வேறு: டபிள்யூடிஐ என்ற அமெரிக்க ரகக் கச்சா எண்ணெய், மே மாத ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தம் (பின்னொரு தேதியில் கைமாறும் சரக்குக்கு இன்றே விலை பேசுவது), ஏப்ரல் 20 இறுதி விலை. "மே மாத" என்கிற அந்தச் சின்னச் சொல்லில்தான் முடிச்சு இருக்கிறது. தலைப்பில் இடமில்லை என்று விட்டுப்போகும் சொல்லும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

படி 2: பக்கத்து எண்களைப் பாருங்கள்

அதே நாளில் அதே எண்ணெயின் ஜூன் மாத ஒப்பந்தம் 20.43 டாலரில் முடிந்தது. உலகச் சந்தையின் அளவுகோலான பிரெண்ட் ரகம் 25 டாலருக்குச் சற்று மேலே இருந்தது. எண்ணெயே மதிப்பிழந்திருந்தால் இந்த இரண்டும் சேர்ந்து பூஜ்ஜியத்துக்குக் கீழே விழுந்திருக்க வேண்டும். அப்படி விழவில்லை. ஆகவே சிக்கல் எண்ணெயில் இல்லை, அந்த ஓர் ஒப்பந்தத்தில்தான் என்று இரண்டே எண்களை வைத்துச் சொல்லிவிடலாம்.

இந்தப் படிக்கு ஐந்து நிமிடம் போதும். வேறு எதற்கும் நேரமில்லை என்றாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

படி 3: கட்டாயத்தில் இருந்தவர் யார்?

என் கணிப்பில் எல்லாப் படிகளிலும் மிக முக்கியமானது இதுதான். சாதாரண நாளில் பொருளின் மதிப்பைக் கணக்குப் பார்த்து வாங்குகிறோம், விற்கிறோம். ஆனால் வேறு வழியே இல்லாமல் விற்றாக வேண்டியவரோ வாங்கியாக வேண்டியவரோ சந்தைக்குள் நுழைந்தால் விலை மதிப்பைக் காட்டாது, அவருடைய நெருக்கடியைத்தான் காட்டும்.

மே ஒப்பந்தம் மறுநாள், ஏப்ரல் 21 அன்று, முடிவுக்கு வர இருந்தது. அதைக் கையில் வைத்திருப்பவர் ஒப்பந்தம் ஒன்றுக்கு 1,000 பீப்பாய் எண்ணெயை ஓக்லஹோமா மாநிலத்தின் குஷிங் என்ற ஊரில் நேரடியாக எடுத்துக்கொள்ள வேண்டும். பெருந்தொற்றால் வாகனங்களும் விமானங்களும் நின்றிருந்த காலம் அது. குஷிங்கின் சேமிப்புத் தொட்டிகளில் இன்னும் நிரம்பாத இடத்தையும் மற்றவர்கள் முன்பதிவு செய்துவிட்டார்கள். விலை ஏற்ற இறக்கத்தில் லாபம் பார்க்க மட்டும் ஒப்பந்தம் வாங்கியவர்களுக்குத் தொட்டியும் இல்லை, லாரியும் இல்லை. கடைசி நாளுக்குள் யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும். எடுத்துக்கொள்ள ஆள் இல்லாதபோது விலை பூஜ்ஜியத்தைத் தாண்டிக் கீழே போனது.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 2008 அக்டோபரில் ஃபோக்ஸ்வாகன் பங்கு சிறிது நேரம் 1,000 யூரோவைத் தாண்டி, உலகின் மிக மதிப்புள்ள நிறுவனமாக அதை ஆக்கியது. நிதி நெருக்கடியின் உச்சத்தில் ஒரு கார் நிறுவனத்துக்கு ஏன் அப்படி ஒரு மவுசு? நேரடிப் பங்கும் ஆப்ஷன்கள் எனும் பங்கு விலை சார்ந்த ஒப்பந்தங்களுமாகச் சேர்த்துச் சுமார் 74 சதவீதம் தன் வசம் இருப்பதாகப் போர்ஷே கார் நிறுவனம் அறிவித்திருந்தது. ஜெர்மனியின் லோயர் சாக்ஸனி மாநில அரசிடம் 20 சதவீதம் இருந்தது. சந்தையில் புழங்க மிஞ்சியது 6 சதவீதம்கூட இல்லை. விலை இறங்கும் என்று நம்பிப் பங்கைக் கடன் வாங்கி விற்றவர்கள், அதாவது ஷார்ட் போனவர்கள், திருப்பித் தர வேண்டியதோ அதைவிட அதிகம். வந்த விலைக்கு வாங்கினார்கள். நிறுவனம் எத்தனை கார் விற்றது என்பதற்கும் அந்த விலைக்கும் தொடர்பே இல்லை.

எனவே நோட்டில் இப்படி எழுதுங்கள்: யாருக்கு, எந்தத் தேதிக்குள், என்ன செய்தே தீர வேண்டியிருந்தது? பெயர் தெரிய வேண்டியதில்லை, எந்த வகை ஆட்கள் என்று தெரிந்தால் போதும்.

படி 4: அளவுகோல் மாறியதா?

சில சமயம் உலகம் மாறியிருக்காது, அதை அளக்கிற முழம் மாறியிருக்கும். அமெரிக்காவின் எம்1 பண அளவு (மக்களிடம் உள்ள ரொக்கமும் உடனே செலவழிக்கக்கூடிய வங்கிக் கணக்குப் பணமும்) வரைபடத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2020 மே மாதத்தில் அந்தக் கோடு செங்குத்தாக எழும்பி, ஏறத்தாழ 5 லட்சம் கோடி டாலரிலிருந்து 16 லட்சம் கோடி டாலருக்குப் போகிறது. "ஒரே மாதத்தில் மும்மடங்கு அச்சடித்துவிட்டார்கள்" என்ற வரியோடு அது இன்றும் சுற்றுகிறது.

உண்மையில் சேமிப்புக் கணக்குகளிலிருந்து பணம் மாற்ற இருந்த மாதாந்தரக் கட்டுப்பாட்டை அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் நீக்கியது. அதன்பின் சேமிப்புக் கணக்குப் பணத்தையும் எம்1-க்குள் சேர்த்து, அந்த மே மாதத்திலிருந்தே புதுக் கணக்கை எழுதினார்கள். அந்தப் பணம் முன்பும் வங்கியில்தான் இருந்தது, எம்2 என்ற பெரிய கணக்கில். எம்2 வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு அதுவும் வேகமாகத்தான் வளர்ந்தது, ஆனால் அப்படி ஒரு செங்குத்துச் சுவர் அதில் இல்லை. நான் இந்த வரைபடத்தை நம்பி நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு, பிறகு ஒவ்வொருவருக்கும் திருத்தம் எழுதினேன். அன்றிலிருந்து, தரவு வெளியிடும் நிறுவனத்தின் அடிக்குறிப்பைப் படிக்காமல் எந்த வரைபடத்தையும் நான் பகிர்வதில்லை.

படி 5: சராசரிக்குள் யார் இருக்கிறார்கள்?

2020 ஏப்ரலில் அமெரிக்காவின் வேலையின்மை விகிதம் 14.7 சதவீதம். அதே மாதம் சராசரி மணிநேரச் சம்பளம் 4 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்தது. கோடிக்கணக்கானோர் வேலை இழந்த மாதத்தில் சம்பள உயர்வா?

ஒரு கணக்குப் போடுவோம். பத்துப் பேரில் ஐவருக்கு மணிக்கு 10, ஐவருக்கு 30. சராசரி 20. குறைந்த சம்பளக்காரர்களில் நால்வர் வேலை இழக்கிறார்கள். மிஞ்சிய ஆறு பேரின் சராசரி 26.67. ஒருவருக்கும் ஒரு காசு கூடவில்லை. உணவகம், விடுதி, கடை ஆகியவற்றின் ஊழியர்கள்தான் அன்று கணக்கிலிருந்து வெளியே விழுந்தவர்கள். மேலே போகும் கோட்டுக்குப் பின்னால் அவர்களின் துயரம் இருந்தது. இந்தப் படியை நான் வலியுறுத்துவது அதனால்தான்.

கணக்குக்குள் புதிதாக நுழைபவர்களாலும் இதே குழப்பம் வரும். 2015-இல் அயர்லாந்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 26 சதவீதம் வளர்ந்ததாக அறிவிக்கப்பட்டது. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் அறிவுசார் சொத்துகளை அந்நாட்டுக் கணக்குக்கு மாற்றியதே முக்கியக் காரணம். இந்தத் திரிபை நீக்கிப் பார்ப்பதற்கென்றே அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் தனி அளவுகோல் ஒன்றைக் கொண்டுவந்தது.

படி 6: சதவீதம் எங்கிருந்து தொடங்குகிறது?

100 இருந்தது 80 ஆனால் 20 சதவீத வீழ்ச்சி. 80 மீண்டும் 100 ஆனால் 25 சதவீத ஏற்றம். சென்ற ஆண்டு பள்ளத்தில் கிடந்த எதுவும் இந்த ஆண்டு பாய்ந்ததுபோல் தெரியும். இதற்கு அடித்தள விளைவு என்று பெயர். ஒப்பிடும் காலத்தை இரண்டு ஆண்டாக நீட்டிப் பாருங்கள்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. 2021 ஏப்ரலில் அமெரிக்கப் பணவீக்கம் 4.2 சதவீதம் ஆனபோது, "வெறும் அடித்தள விளைவு" என்று பலர் ஒதுக்கினார்கள். அதில் பாதி உண்மை இருந்தது. அந்த ஒரு மாதத்தில் மட்டும் விலைகள் 0.8 சதவீதம் ஏறியிருந்ததை அந்த விளக்கத்தால் சொல்ல முடியவில்லை. 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. ஒரு விளக்கம் கிடைத்ததும் நின்றுவிடாமல், அது எவ்வளவை விளக்குகிறது, எவ்வளவு மிஞ்சுகிறது என்று கழித்துப் பாருங்கள்.

படி 7: எது நடந்தால் நீங்கள் சொன்னது தவறு?

மிஞ்சியதற்கு உங்கள் ஊகத்தை ஒரே வாக்கியத்தில் தேதியோடு எழுதுங்கள். கீழே, எது நடந்தால் அந்த ஊகம் பொய்யாகும் என்பதையும் எழுதுங்கள். அமெரிக்க அரசுப் பத்திரங்களில் 2 ஆண்டுப் பத்திரம் 10 ஆண்டுப் பத்திரத்தைவிட அதிக வருவாய் தந்தால் மந்தநிலை வரும் என்பது பழைய நம்பிக்கை. பலமுறை பலித்தும் இருக்கிறது. 2022 ஜூலையில் அப்படித் தலைகீழான நிலை 2024 செப்டம்பர் வரை மாறவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளில் மந்தநிலை எதுவும் அறிவிக்கப்படவில்லை. தேதியும் நிபந்தனையும் எழுதி வைத்தவர்களால் தங்கள் ஊகத்தைச் சரிபார்க்க முடிந்தது. எழுதாதவர்கள் "இன்னும் வரும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம்.

பயிற்சிக்கு ஒன்று தருகிறேன். 2014 ஜூனில் ஐரோப்பிய மத்திய வங்கி ஒரு வட்டி விகிதத்தை மைனஸ் 0.1 சதவீதமாக்கியது. யார் யாரிடம் வைத்த பணத்துக்கு, எத்தனை நாளுக்கான வட்டி அது? முழுப் பெயரை நோட்டில் எழுதி, முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.