டொரன்ட் ஓடும்போது வீட்டு நெட் திணறாமல் இருக்க

மார்த்தாண்டமானாலும் தக்கலையானாலும், ஒரு ஃபைபர் இணைப்பில்தான் மொத்த வீடும் ஓடுகிறது. மாடியில் லினக்ஸ் கணினியில் உபுண்டு இயங்குதளத்தின் நிறுவல் கோப்பு டொரன்ட் வழியாக (பலரின் கணினிகளிலிருந்து துண்டு துண்டாக வாங்கி, நாமும் அவர்களுக்குக் கொடுக்கும் முறை) இறங்கத் தொடங்கியதும், கீழே வளைகுடாவில் இருப்பவரோடு பேசும் வீடியோ கால் உறைந்து நிற்கும். உடனே பலரும் டவுன்லோட் வேகத்தைக் குறைக்கிறார்கள். குறைக்க வேண்டியது அப்லோடை.

இறங்கும் தரவுக்கெல்லாம் "கிடைத்தது" என்ற ரசீது அப்லோட் வழியாகத்தான் திரும்பப் போக வேண்டும். டொரன்ட் அந்த வழியை அடைத்துக்கொண்டால் ரசீதுகள் ரவுட்டரில் வரிசையில் காத்துக் கிடக்கும். அப்புறம் டவுன்லோடும் சேர்ந்து படுத்துவிடும்.

முதலில் டொரன்ட்டை நிறுத்திவிட்டு, இணைப்பின் அப்லோட் வேகத்தைச் சோதித்துக் குறித்துக்கொள்ளுங்கள். சோதனை காட்டுவது மெகாபிட். டொரன்ட் செயலி கேட்பது கிலோபைட். 1 மெகாபிட் என்பது 125 கிலோபைட், அதில் 80 சதவீதம் 100. ஆகவே சோதனையில் வந்த எண்ணை 100-ஆல் பெருக்கினால் போதும்: 10 மெகாபிட் என்றால் வரம்பு 1000. கியூபிட்டொரன்ட் என்ற டொரன்ட் செயலியில் டூல்ஸ் மெனு வழியாக அமைப்புகளைத் திறந்து, 'ஸ்பீட்' பக்கத்தில் அப்லோட் கட்டத்தில் இதை இடுங்கள். அங்கே 0 போட்டால் அப்லோட் நிற்காது. வரம்பே இல்லை என்று பொருள். மிகக் குறைத்தாலும் நஷ்டம்தான், கொடுக்காதவருக்கு மற்றவர்களும் கொடுக்க மாட்டார்கள்.

இந்த எண் சரிதானா என்பதை பிங் (ஒரு முகவரிக்குச் செய்தி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கட்டளை) சொல்லும். இரண்டு டெர்மினல் திறந்து, ஒன்றில் வெளியே இருக்கும் 1.1.1.1 என்ற முகவரிக்கும் மற்றதில் ரவுட்டருக்கும் (பெரும்பாலும் 192.168.1.1) பிங் ஓடவிடுங்கள். டொரன்ட் நிற்கும்போது வெளி பிங் 25 மில்லிவிநாடி காட்டுகிறது என்று வையுங்கள். டொரன்ட்டைத் தொடங்கியதும் அது 300, 400 என்று ஏறினால் வரம்பு அதிகம். 100 குறைத்து அரை நிமிடம் பாருங்கள்; இன்னும் ஏறியே இருந்தால் மறுபடி 100. எண்கள் பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் இடம்தான் உங்கள் வீட்டு வரம்பு. ரவுட்டருக்கான பிங்கே துள்ளினால் குறை வைஃபையில். இரண்டு கான்கிரீட் தளம் தாண்டி வரும் சிக்னலை எந்த செட்டிங்கும் சரிசெய்யாது. லேன் வயர் இழுப்பதே வழி.

பிங் நன்றாக இருந்தும் வலைப்பக்கங்கள் திறக்கத் தயங்கினால், டொரன்ட் செயலி மற்ற கணினிகளோடு வைக்கும் இணைப்புகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். கியூபிட்டொரன்ட் தானாக வைத்திருப்பது மொத்தம் 500, டொரன்ட்டுக்கு 100. விலை குறைந்த ரவுட்டர் இவ்வளவையும் நினைவில் வைக்கத் தடுமாறும். 200, 50 என்று குறையுங்கள். வேகம் குறைந்ததே தெரியாது.

அதே 'ஸ்பீட்' பக்கத்தில் மாற்று வேகமும் அட்டவணையும் உண்டு. காலை 6 முதல் இரவு 11 வரை குறைந்த வேகம், மற்ற நேரம் வழக்கமான வரம்பு என்று வைத்துவிட்டால் வீட்டில் சண்டை இல்லை. டிரான்ஸ்மிஷன் டீமன் (பின்னணியில் சேவையாக ஓடும் இன்னொரு டொரன்ட் செயலி) வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸ் கோப்பைத் திருத்தும் முன் சேவையை நிறுத்த வேண்டும். ஓடும்போது திருத்தினால், நிறுத்துகையில் அது பழைய மதிப்புகளையே மேலெழுதிவிடும்.

குமரியில் ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. தென்னை மட்டை கம்பியில் விழுந்து கரண்ட் போவது புதிதல்ல. ரவுட்டருக்கு 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் வைத்தாலும், டெஸ்க்டாப் அணைந்தால் பாதி எழுதிய துண்டுகள் கெட்டிருக்கலாம். கரண்ட் வந்ததும் டொரன்ட்டின் மேல் வலது கிளிக் செய்து 'ஃபோர்ஸ் ரீசெக்' கொடுங்கள். கெட்ட துண்டுகள் மட்டும் மறுபடி இறங்கும். இடி தொடங்கும் முன்பே ரவுட்டரின் அடாப்டரையும் லேன் வயரையும் கழற்றிவிடுங்கள், டவுன்லோட் காத்திருக்கட்டும்.

பெரிய கோப்பு 4 ஜிபியை எட்டியதும் பிழை காட்டி நின்றால், சேமிக்கும் டிஸ்க் ஃபேட்32 வடிவில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளிருப்பதை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, டிஸ்க்கை லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவில் ஃபார்மட் செய்யுங்கள்.