மாடிப்படி லைட்: மூன்று இடத்திலிருந்து போட, அணைக்க

கீழே வாசலில் போட்ட லைட்டை முதல் மாடியிலும் அணைக்க வேண்டும், மொட்டை மாடிக் கதவருகேயும் அணைக்க வேண்டும். கீழே வீட்டுக்காரர், மேலே குடித்தனம் என்று இருக்கும் கடலூர், புதுச்சேரி வீடுகளில் இது அன்றாடத் தேவை.

வயரைத் தொடும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: பேஸும் (கரண்ட் வரும் வயர்) நியூட்ரலும் (கரண்ட் திரும்பும் வயர்) ஒரே மீட்டரிலிருந்து, ஒரே சர்க்யூட்டிலிருந்து வர வேண்டும். பேஸைக் கீழ் வீட்டில் எடுத்துவிட்டு, வயர் மிச்சம் என்று நியூட்ரலை மாடி வீட்டில் சேர்ப்பதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. லைட் எரியும், ஆனால் இரண்டு வீட்டு ஆர்.சி.சி.பி.யும் (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) விழலாம். ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் நிலைமை இன்னும் மோசம். மாடி வீட்டு மெயினை இறக்கி நியூட்ரலைக் கழற்றினால், கீழ் வீட்டு பேஸ் பல்பு வழியாக அந்தக் கறுப்பு நியூட்ரல் வயருக்கு வந்து நிற்கும். கறுப்புதானே என்று தொட்டவரை அடிக்கும்.

தேவையானவை: டூ வே சுவிட்ச் (மூன்று முனை உள்ளது) 2, இன்டர்மீடியட் சுவிட்ச் (நான்கு முனை உள்ளது, நடு இடத்துக்கு) 1, 1.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயர், 25 மி.மீ. பி.வி.சி. பைப், 6 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்). இன்டர்மீடியட் எல்லாக் கடையிலும் கைவசம் இருக்காது. சுவரை வெட்டும் முன்பே, உங்கள் மாடுலர் பிளேட்டில் உட்காரும் மாடலை வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் வயரை அரை அடி கூடுதலாக விட வேண்டும்.

மெயினை இறக்குங்கள், இன்வெர்ட்டரையும் அணையுங்கள். மாடிப்படி லைட் பெரும்பாலும் இன்வெர்ட்டர் லைனில்தான் இருக்கும். மெயினை மட்டும் இறக்கினால் கரண்ட் அப்படியே இருக்கும். டெஸ்ட் லாம்ப் (இரண்டு வயர் மாட்டிய சோதனை பல்பு) வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள். மெயின் பெட்டிக்குள் செய்யும் இணைப்பை லைசென்ஸ் உள்ள வயர்மேன்தான் செய்ய வேண்டும்.

கீழ் டூ வே சுவிட்சின் காமனில் (மற்ற இரண்டு முனையோடும் மாறி மாறிச் சேரும் பொது முனை) பேஸ். மற்ற இரண்டு முனையிலிருந்து மஞ்சளும் நீலமும் ஜோடியாக முதல் மாடி இன்டர்மீடியட்டுக்குப் போகும். அதன் மறுபக்கத்திலிருந்து இன்னொரு மஞ்சள் நீல ஜோடி மேல் டூ வேக்கு. மேல் சுவிட்சின் காமனிலிருந்து கிளம்பும் வயர்தான் விளக்குக்கு. அது கீழே உள்ள விளக்குகளுக்கும் அதே பைப்பில் திரும்பி வர வேண்டியிருப்பதால், சிவப்பு வயரில் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். நியூட்ரல் எந்த சுவிட்சுக்குள்ளும் போகாமல் நேராக விளக்குக்கு. நாலாவது இடம் வேண்டுமானால் நடுவில் இன்னொரு இன்டர்மீடியட், அவ்வளவுதான்.

இன்டர்மீடியட்டில் உள்ள நான்கு முனையில் எது எதற்கு ஜோடி என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மல்டிமீட்டரை பீப் நிலையில் (இணைப்பு இருந்தால் சத்தம் வரும்) வைத்து, சுவிட்சை இரு பக்கமும் தட்டிப் பாருங்கள். இரண்டு நிலையிலும் ஒன்றோடொன்று சேராத இரண்டு முனைகள் ஒரு ஜோடி. கீழிருந்து வரும் இரண்டு வயரும் அதில்; மீதி இரண்டும் மேலே போக. டூ வேயில், ஒரு நிலையில் ஒரு முனையோடும் மறு நிலையில் இன்னொன்றோடும் பீப் அடிப்பது காமன். பலவற்றில் அது நடு முனை. இருந்தாலும் சோதிக்காமல் நம்ப வேண்டாம். மேல் சுவிட்ச் ஒரு பக்கம் இருந்தால்தான் கீழ் சுவிட்ச் வேலை செய்கிறது என்றால், காமன் மாறிப் போயிருக்கிறது.

முடித்ததும் மூன்று சுவிட்சையும் மாற்றி மாற்றி எட்டு நிலையிலும் பாருங்கள். எதைத் தட்டினாலும் லைட் மாற வேண்டும்.

தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் மாதிரி கடலோரத்தில் உப்புக் காற்று காப்பரைப் பச்சை பூக்க வைத்துவிடும். இரும்பு ஸ்க்ரூ துருவேறித் தலை உதிரும். பித்தளை முனை உள்ள சுவிட்சாகப் பாருங்கள். வயரின் நுனியை இறுக முறுக்கி, இரண்டாக மடித்து நுழைத்து முடுக்குங்கள். பைப்புக்குள் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் கூடவே கூடாது. மொட்டை மாடி சுவிட்சைக் கதவுக்கு உட்புறம் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகைச் சாரல் வெளிச்சுவரை நனைக்காமல் விடாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. அதனால் கீழ் போர்டு தரையிலிருந்து நாலரை அடியாவது இருக்கட்டும்.

அணைத்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக எரிந்தால் வயரிங் தப்பு என்று உடனே பிரிக்காதீர்கள். நீள பைப்பில் ஒட்டியபடி ஓடும் ஜோடியில் ஒன்றில் கரண்ட் இருக்கும்போது, பக்கத்து வயரிலும் சிறு மின்னழுத்தம் தொற்றும். விளக்கு முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட், 275 வோல்ட் ஏ.சி., எக்ஸ்2 வகைக் கெபாசிட்டர் (வீட்டு மின்சாரத்துக்குக் குறுக்கே போடத் தகுந்தது) போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். வேறு வகைக் கெபாசிட்டரை அங்கே வைக்கக் கூடாது.