குடிப்பவரிடம் டாக்டர் பேசும் பத்து நிமிடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"குடிப்பீங்களா?"
"எப்பவாவது சார்."
"விட்டுடுங்க, லிவர் போயிடும்."

குடியாத்தம், ஆம்பூர் பக்கத்துச் சின்ன கிளினிக்குகளில் பேச்சு பெரும்பாலும் இதோடு முடிந்துவிடுகிறது. இதனால் யாரும் குடியைக் குறைத்துக்கொள்ளப் போவதில்லை.

முதல் தவறு கேள்வியிலேயே இருக்கிறது. ஒருவருக்கு 'எப்பவாவது' என்பது தீபாவளி, இன்னொருவருக்கு வாரச் சம்பளம் வாங்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும். அதனால் அவர்கள் கணக்கிலேயே கேளுங்கள்: கட்டிங்கா, குவார்ட்டரா, ஆஃபா? வாரத்தில் எத்தனை நாள்? 42.8 சதவீதச் சரக்கு என்றால் 180 மில்லி குவார்ட்டரில் ஆல்கஹால் மட்டுமே சுமார் 60 கிராம். ஒரே அமர்வில் 60 கிராம் என்பதை உலக சுகாதார நிறுவனம் அதிகக் குடியாகக் கணக்கிடுகிறது. "ஒரு குவார்ட்டர்தானே சார்" என்பவரிடம் இதை நிதானமாகச் சொல்லுங்கள். குடிப்பழக்கத்தை மதிப்பெண் போட்டு அளக்கும், அந்த நிறுவனத்தின் 'ஆடிட்' என்னும் 10 கேள்விகளும் கைகொடுக்கும். 40-க்கு 8 வந்தாலே பேச வேண்டியவர்தான்.

அடுத்தது, மனைவியைப் பார்த்து "இவர் எவ்ளோ குடிக்கிறாரும்மா?" என்று கேட்பது. அவமானப்பட்டவர் அப்புறம் வாயே திறக்க மாட்டார். தனியாக உட்கார வைத்து, "குறைச்சா உங்களுக்கு என்ன நல்லது நடக்கும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். "பொண்ணு என்கிட்ட பேசறதில்ல சார்" என்று அவர் வாயிலிருந்தே வரும் காரணம், நாம் காட்டும் ஸ்கேனைவிட வலுவானது. "சரி, வாரத்துல எந்த ரெண்டு நாள் தொடாம இருப்பீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் நாட்களைச் சீட்டில் எழுதி, அடுத்த முறை மறக்காமல் விசாரியுங்கள்.

பத்து நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று விட்டுவிடுவதும் தவறு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2018 தொகுப்பு 69 ஆய்வுகளை அலசியது. இப்படிச் சுருக்கமாகப் பேசியதில், ஓராண்டு கழித்தும் குடிக்கும் ஆல்கஹால் வாரத்துக்குச் சுமார் 20 கிராம் குறைந்திருந்தது. மணிக்கணக்கில் பேசியதால் பெரிதாகக் கூடுதல் பலன் இல்லை. அளவு சின்னதுதான், ஆனால் செலவே இல்லாமல் கிடைப்பது.

ஆபத்தான தவறு ஒன்று உண்டு. காலையில் கை நடுங்கி, ஒரு வாய் குடித்தால்தான் நிற்கிறது என்பவரிடம் "நாளையிலிருந்து நிறுத்துங்க" என்று சொல்லவே கூடாது. திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிரும் போகலாம். இவரை வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை போன்ற இடத்துக்கு அனுப்புங்கள். தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்க 'குடிமறப்பு மாத்திரை' கேட்டு வீட்டார் வருவார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள். அதன்மேல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து நெஞ்சு படபடத்து விழுவார், ஏன் என்று அவருக்கே தெரியாது.