தேசிய அறிவியல் ஆய்வுப் போட்டிக்குத் தயாராகும் மாணவர்களுக்கு

சிங்கப்பூரில் 15 முதல் 20 வயது வரையிலான மாணவர்களுக்கென நடைபெறும் தேசிய ஆய்வுப் போட்டி, சிங்கப்பூர் அறிவியல், பொறியியல் கண்காட்சி. கல்வி அமைச்சும் ஏ*ஸ்டார் ஆய்வு அமைப்பும் அறிவியல் நிலையமும் இணைந்து அதை நடத்துகின்றன. அதில் சிறந்து விளங்குவோருக்கு, மே மாதம் அமெரிக்காவில் நடைபெறும் ரீஜெனரான் அனைத்துலக அறிவியல், பொறியியல் கண்காட்சியில் பங்கேற்கும் வாய்ப்பு கிடைக்கிறது. உயர்நிலை மூன்றிலோ தொடக்கக் கல்லூரி முதலாண்டிலோ இருக்கும் மாணவர், முதலில் பள்ளியில் ஆய்வுத் திட்டங்களுக்குப் பொறுப்பான ஆசிரியரை அணுகிப் பதிவுக்கான கடைசி நாளைக் கேட்டறிந்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு மாதங்களை ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

தலைப்பைத் தேடும்போது பலருக்கும் பெரிய ஆய்வகமும் விலையுயர்ந்த கருவியும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அனைத்துலகப் போட்டியின் 100 மதிப்பெண்ணில் ஆய்வுக் கேள்விக்கு 10, வடிவமைப்புக்கும் செய்முறைக்கும் 15, ஆய்வை நிறைவேற்றிய விதத்துக்கு 20, படைப்பாற்றலுக்கு 20, சுவரொட்டிக்கு 10 என்றிருக்க, நடுவர்களுடனான நேர்காணலுக்கு மட்டும் 25 மதிப்பெண் உண்டு. கருவிக்கென்று தனி மதிப்பெண் கிடையாது. ஆகவே, பேராசிரியர் ஒருவரின் திட்டத்திலிருந்து ஒரு பகுதியைப் பெற்றுச் செய்வதைவிட, நீங்களே எழுப்பி நீங்களே இறுதிவரை விடை காணக்கூடிய சிறிய கேள்வியே மேலானது என்பது என் உறுதியான கருத்து.

தேக்கா சந்தையில் வாங்கிய மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். "மஞ்சள் கிருமிகளைக் கொல்லுமா?" என்பது மிகவும் பரந்த கேள்வி. "மஞ்சளின் நீர்ச் சாறும் எத்தனால் சாறும் குறிப்பிட்ட ஒரு பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுப்பதில் வேறுபடுகின்றனவா?" என்பது ஆராயத்தக்க கேள்வி. மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் நீரில் ஏறக்குறையக் கரையாது, எத்தனாலில் கரையும் என்பதால், கருதுகோளுக்கும் அடிப்படை கிடைத்துவிடுகிறது. சாற்றில் நனைத்த வடிதாள் வில்லையை, பாக்டீரியா வளரும் கூழ் நிரப்பிய அகார் தட்டில் வைத்து, மறுநாள் அதைச் சுற்றி வளர்ச்சியற்ற வட்டம் தெரிந்தால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் வளர்ச்சியைத் தடுத்தது மஞ்சளா எத்தனாலா என்று நடுவர் கேட்பார். வெறும் எத்தனாலில் நனைத்த வில்லையையும் அதே முறையில் சோதித்திருந்தால் மட்டுமே அதற்கு விடை சொல்ல முடியும். மஞ்சளின் நிறம் அகாரில் பரவி வட்டத்தின் விளிம்பை மறைக்கக்கூடும் என்பதால், எந்தக் கோட்டிலிருந்து அளப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்து, ஒரே சோதனையைப் பல தட்டுகளில் திரும்பச் செய்ய வேண்டும்.

இதை வீட்டுச் சமையலறையில் செய்து பார்க்கவே கூடாது. வீட்டில் பாக்டீரியாவை வளர்ப்பதை அனைத்துலகப் போட்டியின் விதிகள் தடைசெய்கின்றன. மனிதர்கள், முதுகெலும்புள்ள விலங்குகள், நுண்ணுயிரிகள் தொடர்பான ஆய்வுகளுக்கு உரிய குழுவின் அனுமதியைச் சோதனை தொடங்குவதற்கு முன்பே பெற்றாக வேண்டும். முடித்துவிட்டுப் பெறும் கையெழுத்துக்கு மதிப்பில்லை. பாட்டிமார்களிடம் கைவைத்தியம் பற்றிக் கேட்கும் கேள்வித்தாளும் மனிதர்கள் பங்கேற்கும் ஆய்வாகவே கருதப்படும் என்பதைப் பலர் அறிவதில்லை. இயற்கை வனப்பகுதியில் இலையோ பூச்சியோ சேகரிப்பதாக இருந்தால், தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியும் தேவை. நல்ல ஆய்வு ஒன்று அனுமதிப் படிவத்தின் தேதியால் தகுதி இழப்பதைவிட வருத்தமானது வேறில்லை. தயவுசெய்து இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

ஆய்வுக் குறிப்பேட்டை அன்றன்றே எழுதுங்கள். தேதி, நேரம், கரைசலின் செறிவு, அடைகாப்புப் பெட்டியின் வெப்பநிலை, பூஞ்சை படிந்து வீணான தட்டு ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற வேண்டும். வீணான தட்டை மறைத்து அழகான எண்களை மட்டும் வைத்திருப்பவரைவிட, அது ஏன் வீணானது என்று விளக்குபவரையே நடுவர்கள் நம்புவார்கள்.

ஆய்வின் சுருக்கவுரை 250 சொற்களுக்குள் அடங்க வேண்டும். அனைத்துலகப் போட்டியில் ஒரு குழுவில் மூவருக்கு மேல் இருக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு உதவ விரும்பும் பெற்றோர், அறிக்கையை எழுதித் தராமல், மாலையில் எதிரே அமர்ந்து "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பது நல்லது. வழிகாட்டியோ ஆய்வகப் பணியாளரோ செய்துகொடுத்த பகுதி எது, நீங்கள் செய்தது எது என்பதை நேர்காணலில் கேட்கும் முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.