லினக்ஸ் பேக்கப்: திரும்ப ஏற்றும் நாளில் கழுத்தறுக்கும் தவறுகள்

பேக்கப் எடுக்கும்போது செய்த தவறு அன்றைக்குத் தெரியாது. கட்டளை ஓடி முடியும், ஃபோல்டர்கள் எல்லாம் வரிசையாக நிற்கும். பழைய டிஸ்க் செத்து, புது எஸ்எஸ்டியில் திரும்ப ஏற்றும் நாளில்தான் குட்டு வெளிப்படும்.

அதிகம் பேர் மாட்டுவது வெளி ஹார்டு டிஸ்க்கின் ஃபார்மேட்டில். கடையில் வாங்கும் டிஸ்க் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ்ஸாக இருக்கும். படம், பாட்டு வைக்க அது போதும். ஆனால் ஒரு கோப்பு யாருக்குச் சொந்தம், யார் இயக்கலாம் என்ற விவரங்களை எக்ஸ்ஃபேட் வைத்துக்கொள்ளாது. வழக்கமாக மவுன்ட் ஆகும் (கணினியோடு இணையும்) என்டிஎஃப்எஸ்ஸையும் நம்ப முடியாது. அங்கிருந்து திரும்ப ஏற்றினால், தன் கோப்பு ரூட்டுக்கு (முழு அதிகாரமுள்ள நிர்வாகக் கணக்கு) சொந்தமாக இல்லை, செட்யூஐடி பிட் (உரிமையாளரின் அதிகாரத்தோடு நிரலை ஓட்டும் குறி) இல்லை என்று, நிர்வாகியாகக் கட்டளைகளை ஓட்ட உதவும் சூடோ ஓட மறுக்கும். உங்கள் ரகசியச் சாவியை எல்லோரும் படிக்கலாம் போலிருக்கிறதே என்று, வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் அதைத் தொடாது. இதையெல்லாம் கையால் சரிசெய்ய உட்காருவதைவிடப் புதிதாகவே நிறுவிவிடலாம். டிஸ்க்கை லினக்ஸின் சொந்த ஃபார்மேட்டான எக்ஸ்ட்4 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸிலும் அது வேண்டும் என்றால், எல்லாவற்றையும் ஒரே டார் கோப்பாக (பல கோப்புகள் அடங்கிய ஒற்றைத் தொகுப்பு) கட்டுங்கள். உரிமை விவரம் அதற்குள் பத்திரமாக இருக்கும். ஃபேட்32 மட்டும் வேண்டாம், 4 ஜிபி கோப்பே அதில் நுழையாது.

அடுத்து, கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளை. சிறிய ஏ (-a) மட்டும் போட்டால் ஹார்டு லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்), ஏசிஎல் (கூடுதல் அனுமதிப் பட்டியல்), கோப்பின் கூடுதல் பண்புகள் விட்டுப்போகும். பெரிய எழுத்தில் ஹெச், ஏ, எக்ஸ் (-H -A -X) மூன்றையும் சேர்த்து ரூட்டாக ஓட்டுங்கள். ப்ராக், சிஸ், டெவ், ரன் ஃபோல்டர்களின் உள்ளடக்கத்தை விலக்குங்கள். அவை கெர்னல் நினைவகத்தில் காட்டும் தோற்றங்கள்தான். 64 பிட் கணினியில் ப்ராக்குக்குள் இருக்கும் கேகோர் கோப்பின் அளவைப் பாருங்கள்: 128 டிபி என்று காட்டும்! பேக்கப் டிஸ்க் மவுன்ட் ஆகியிருக்கும் ஃபோல்டரையும் மறக்காமல் விலக்குங்கள், இல்லாவிட்டால் அது தன்னையே நகலெடுக்கப் பார்க்கும். டெலீட் என்ற தேர்வைச் சேர்ப்பதற்கு முன் சிறிய என் (-n) போட்டு ஒத்திகை பாருங்கள். மூல டிஸ்க் மவுன்ட் ஆகாமல் வெறும் ஃபோல்டராக இருந்தால், அந்தத் தேர்வு உங்கள் பேக்கப்பைச் சுத்தமாகத் துடைத்துவிடும்.

சிஸ்டத்தின் நிலையை அவ்வப்போது ஸ்னாப்ஷாட்டாகச் சேமிக்கும் டைம்ஷிஃப்ட் நல்ல கருவிதான். ஒரு மோசமான அப்டேட்டிலிருந்து அது காப்பாற்றும், டிஸ்க் செத்தால் காப்பாற்றாது. பலரும் ஸ்னாப்ஷாட்டை அதே டிஸ்க்கில்தான் வைக்கிறார்கள். போதாக்குறைக்கு ஹோம் ஃபோல்டரை அது இயல்பாகவே சேர்ப்பதில்லை. உங்கள் ஆவணங்கள் அங்கேதானே இருக்கின்றன? ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை நகலெடுப்பதும் வீண் வேலை. டேட்டாபேஸை முறையாகக் கோப்பாக எடுத்துத் தரும் மைஎஸ்க்யூஎல்டம்ப், பிஜிடம்ப் அதற்காகவே இருக்கின்றன.

சரி, கோப்புகள் முழுசாகப் புது டிஸ்க்குக்கு வந்துவிட்டன. ஆனாலும் கணினி பூட் ஆகவில்லை. இங்கே பலர் பேக்கப்பைக் குறை சொல்கிறார்கள். உண்மையில் புதுப் பார்ட்டிஷனுக்கு யூயூஐடி (அதன் தனி அடையாள எண்) மாறியிருக்கும், எதை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்போ பழையதையே தேடிக்கொண்டிருக்கும். திரையில் ஒரு ‘ஸ்டார்ட் ஜாப்’ 90 நொடி வரை எண்ணிவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நின்றால், பெரும்பாலும் இதுதான் காரணம். அந்தக் கோப்பில் ஸ்வாப்பின் (நினைவகத்துக்குத் துணையான டிஸ்க் பகுதி) யூயூஐடியையும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனின் (பூட் கோப்புகள் இருக்கும் பகுதி) யூயூஐடியையும் சேர்த்தே மாற்றுங்கள். பிறகு லைவ் யூஎஸ்பியிலிருந்து புது டிஸ்க்கை மவுன்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் பைண்ட் செய்து (அதற்குள்ளும் தெரியும்படி இணைத்து), சிஹெச்ரூட்டில் (புது டிஸ்க்கையே சிஸ்டமாகக் கருதும் சூழல்) நுழைந்து, சிஸ்டத்தை பூட் செய்யும் நிரலான க்ரப்பை மறுபடி நிறுவுங்கள். ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை அதன் இடத்தில் மவுன்ட் செய்யாமல் இதைச் செய்தால் க்ரப் நிறுவல் பிழை காட்டி நின்றுவிடும்.

டிஸ்க்கை அப்படியே பிரதி எடுக்கும் டிடி கட்டளையின் பிரியர்களுக்கு இரண்டே விஷயம். ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தை டிடி போட்டு எடுக்காதீர்கள், பாதி எழுதிய நிலையில் கோப்புகள் சிக்கும். நகலெடுத்து முடித்ததும் இரண்டு டிஸ்க்கையும் ஒன்றாகச் செருகி பூட் செய்யாதீர்கள். இரண்டுக்கும் ஒரே யூயூஐடி, எது மவுன்ட் ஆகும் என்று சொல்ல முடியாது.